பேணிக்குள் இருப்பது எது? கல்லடி வீடொன்றின் குசினிச் சேமிப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் கல்லடியில், மூன்று தலைமுறையினர் ஒன்றாக வாழும் வீடொன்றின் குசினியே இவ்வாய்வின் களம். இப்பகுதித் தமிழரிடையே பரவலாக உள்ள வழக்கப்படி, வீடு இளைய மகளுக்குச் சீதனமாக எழுதப்பட்டிருந்தது. களுவாஞ்சிகுடியைச் சேர்ந்த மருமகன் திருமணத்தோடு இங்கு குடிவந்தவர். மகள் அரச வைத்தியசாலையொன்றில் இரவும் பகலும் மாறிமாறிக் கடமை பார்க்கும் தாதி உத்தியோகத்தர், மருமகன் ஆசிரியர், பிள்ளைகள் இருவர். வீட்டின் உறுதிப்பத்திரம் மகளின் பெயரில் இருந்தபோதிலும் குசினியின் ஆட்சி எழுபது வயதைத் தாண்டிய தாயாரின் கையிலேயே இருந்து வந்தது. அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் ஊரில் வாழும் மூத்த மகளின் வீட்டில் பேத்தியின் பிள்ளைப்பேற்றுக்குத் துணையாக அவர் சில மாதங்கள் போய்த் தங்க நேர்ந்தபோது, அதுவரை யாருக்கும் தெரியாதிருந்த ஒரு குறை வெளிப்பட்டது. எந்தப் பேணியில் எது இருக்கிறது என்பது அவரைத் தவிர வீட்டில் வேறெவருக்கும் தெரியாது.

அதை ஒழுங்கின்மை என்று சொல்லிவிட முடியாது. தாயாருக்கு அங்கே மிகத் துல்லியமான ஒழுங்கொன்று இருந்தது. அது எழுத்தில் இல்லை என்பதே வேறுபாடு. மூடி நெளிந்த பால்மாப் பேணியில் வறுத்த அரிசிமா, அதே நிறுவனத்தின் நெளியாத பேணியில் வறுக்காத மா, ஜாம் போத்தல்களில் உயரமானதில் பெருஞ்சீரகம், குட்டையானதில் நற்சீரகம் என்று இடத்தாலும் பாரத்தாலும் மணத்தாலும் அவர் பொருட்களைப் பிரித்து வைத்திருந்தார். மகள் தொலைபேசியில் கேட்டபோது அவர் சொன்ன விடை இதுதான்: “மேல் தட்டில இடப்பக்கம் மூணாவது. சந்தேகமெண்டா மூடியத் திறந்து மணந்து பாருங்க புள்ள.” மணந்து பார்த்து மாவைப் பிரித்தறியும் மூக்கு மகளுக்கு இருக்கவில்லை; பல ஆண்டுகள் அடுப்படியில் நின்று பழகிய மூக்குக்குத்தான் அது வரும்.

தாயார் இல்லாத காலத்தில் நடந்தவற்றுள் மூன்று நிகழ்வுகள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, மருமகன் அவித்த பிட்டு. மாவில் நீர் தெளித்துக் குழைத்தபோது அது உதிரியாக வராமல் களியாகத் திரண்டது. எடுத்த மா வறுக்காதது என்பது அவித்து இறக்கிய பின்னரே தெரிந்தது. சிவப்பரிசி மாவை வறுக்கும்போது அதன் ஈரம் போவதோடு, தவிட்டிலுள்ள எண்ணெயைச் சிதைத்துச் சிக்கு நாற்றத்தை உண்டாக்கும் நொதியமும் வெப்பத்தால் செயலிழக்கிறது. அதனால் வறுத்த மா சமையலில் வேறு விதமாக நடந்துகொள்கிறது, நீண்ட காலம் கெடாமலும் இருக்கிறது. இரண்டு மாவும் பேணிக்குள் ஏறக்குறைய ஒரே தோற்றம் உடையவை. அவற்றோடு அவித்த கோதுமை மா, பச்சைக் கோதுமை மா, உளுத்தம் மா ஆகியவையும் அதே தட்டில் இருந்தன.

இரண்டாவது, வெந்தயமும் கடுகும். வீட்டில் இல்லையென்று எண்ணி இரண்டையும் மீண்டும் வாங்கினார்கள். பின்னர் தட்டுகளை வெறுமையாக்கியபோது வெந்தயம் மூன்று இடங்களில் இருப்பது தெரியவந்தது. இது சிறு செலவு என்று விட்டுவிடலாம். ஆனால் பின்வரிசையில் மறந்துபோன பச்சரிசியிலிருந்து கிளம்பிய வண்டு அரிசிப் பானைக்கும் பரவியிருந்தது. அதைச் சிறு விடயம் என்று சொல்ல முடியாது.

பேணிகளை ஒழுங்குபடுத்திப் பெயர் எழுதும் முயற்சி பின்னர் தொடங்கியதற்கு மூன்றாவதே உண்மையான காரணம். அப்பத்துக்குக் கரைத்த மாவில் இடுவதற்காக மருமகன் அப்பச்சோடா தேடியபோது, அடுப்புக்கு மேலிருந்த தட்டில் வெண்ணிறத் தூள் கொண்ட சிறிய பேணியொன்று கைக்குக் கிடைத்தது. கரண்டியால் அள்ளிய தூள் விரலில் பட்டபோது வழுவழுப்பாக இருந்ததைக் கண்டு அவர் நிறுத்திக்கொண்டார். அது கேரம் பலகைக்கு வாங்கிய போறிக் பவுடர். மிகுதியை மாவும் சீனியும் சேர்த்து உருட்டிக் கரப்பொத்தானுக்கு வைப்பதற்காகத் தாயார் எடுத்து வைத்திருந்தார். போறிக் அமிலம் வெண்மையானது, மணமற்றது, உணவில் கலந்தால் நாக்குக்குப் பெரிதாகத் தெரியாதது, உடலுக்கு நஞ்சானது. அப்பச்சோடாவில் தேசிக்காய்ப் புளி பட்டால் நுரைக்கும், போறிக் பவுடர் நுரைக்காது என்று மகள் பின்னர் பிள்ளைகளுக்குச் செய்து காட்டினார். ஆயினும் அது அறிவுக்காகக் காட்டப்பட்டதே தவிர, பெயர் தெரியாத தூளைச் சோதித்துச் சமையலுக்குச் சேர்க்கலாம் என்பதற்காக அல்ல. பெயர் தெரியாத தூள் எதுவாயினும் குப்பைக்கே போக வேண்டும் என்பது அன்றே வீட்டில் விதியாயிற்று.

முதலில் வெளியேற்றம், பிறகே எழுத்து

மகளுக்கு வழிகாட்டியது அவர் பணிபுரியும் இடத்துப் பழக்கம். ஐந்து எஸ் எனப்படும் ஜப்பானிய ஒழுங்குமுறை இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் பரவலாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை 2000 ஆம் ஆண்டளவில் அதைத் தொடங்கிப் பலருக்கும் முன்மாதிரியாயிற்று. செய்ரி, செய்தொன், செய்சோ, செய்கெட்சு, சித்சுகே என்ற ஐந்தில் முதலாவது வேண்டாதவற்றைப் பிரித்து அகற்றுவது, இரண்டாவது எஞ்சியவற்றுக்கு இடம் வகுப்பது. பெயர் எழுதுவது இரண்டாவது படியில்தான் வருகிறது. லேபல் ஒட்டத் தொடங்கும் பெரும்பாலானோர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, கடையிலிருந்து ஒரே அளவான கண்ணாடிப் போத்தல்களையும் அச்சிட்ட லேபல்களையும் வாங்கி வந்து, பழைய குப்பைக்கு அழகான பெயர் சூட்டுகிறார்கள். இவ்வீட்டில் புதிதாக எதுவும் வாங்கப்படவில்லை என்பதை இங்கு பாராட்டியே குறிப்பிட வேண்டும்.

தட்டுகள் வெறுமையாக்கப்பட்டபோது பொருட்கள் முற்றத்துப் பாயில் பரப்பப்பட்டன. கடற்காற்றில் துருப்பிடித்த பேணிகள், உள்ளே கட்டிதட்டிய சீனி, நிறம் வெளிறிய மிளகாய்த்தூள், வெயில் விழும் யன்னலோரத்தில் இருந்ததால் மங்கிய மஞ்சள்தூள் ஆகியவை ஒதுக்கப்பட்டன. மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்க்குமின் ஒளிபட்டுச் சிதையக்கூடியது. மிளகாயின் செந்நிறமும் அவ்வாறே. ஆகவே கண்ணாடிப் போத்தல் உள்ளிருப்பதைக் காட்டும் என்ற ஒரே காரணத்துக்காக எல்லாவற்றையும் அதற்கு மாற்றுவது சரியன்று. தூள்வகைகளுக்கு ஒளி புகாத பேணியோ மூடிய அலுமாரியோ வேண்டும். ஒளி புகாத பேணிக்குள் இருப்பது தெரியாது என்பதால்தான் லேபல் தேவைப்படுகிறது. உப்பின் நிலை வேறு. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் மட்டக்களப்புக் காற்று அந்த அளவை எளிதாகக் கடப்பதால், உப்பைத் திறந்த சிரட்டையில் வைக்கும் வழக்கம் அப்போது பயன்படாது. இலங்கையில் விற்கப்படும் உப்பில் அயடீன் சேர்க்கப்படுவதால் அது ஈரத்திலும் சூட்டிலும் இழக்கப்படாதிருக்கவும் மூடிய பாத்திரமே பொருத்தம். அடுப்பின் அருகிலிருந்த உப்பு அங்கிருந்து எதிர்ச்சுவர்த் தட்டுக்கு மாறியது.

வண்டு பிடித்த அரிசிக்கு வந்த தீர்வையும் சொல்ல வேண்டும். அரிசி வண்டு மணியைத் துளைத்து, உள்ளே முட்டையிட்டு, துளையையும் அடைத்துவிடுகிறது. நம்மூர்ச் சூட்டில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் அம்முட்டை வளர்ந்து வண்டாக வெளிவரும். அதனால் சுத்தமாகத் தோன்றும் அரிசியிலும் முட்டை இருக்கக்கூடும். பழைய அரிசியின் மேல் புதிய அரிசியைக் கொட்டும் வழக்கம் இதற்குப் பெருந்துணை செய்கிறது. அடியிலுள்ள பழையது ஒருபோதும் தீர்வதில்லை, அதிலுள்ள வண்டு புதியதற்கு ஏறுகிறது. பானை முற்றாகத் தீர்ந்து, கழுவி, வெயிலில் காய்ந்த பின்னரே அடுத்த அரிசி விழ வேண்டும் என்று முடிவாயிற்று. சிறிய அளவில் வாங்கும் பயறு, ரவை, மா ஆகியவற்றை இறுக்கிக் கட்டி, -18 பாகை செல்சியசில் இயங்கும் உறைபெட்டியில் நான்கு நாட்கள் வைத்தால் முட்டைகள் அழியும். எடுத்தவுடன் பையைப் பிரித்துவிடக் கூடாது; அறைச் சூட்டுக்கு வந்த பின்னர் பிரித்தால்தான் உள்ளே நீர் கோக்காது.

லேபல் எதற்கு விடை சொல்ல வேண்டும்

பேணியில் “அரிசிமா” என்று எழுதுவதால் பயனில்லை என்பது பிட்டு நிகழ்விலிருந்தே விளங்கியது. சமைப்பவர் பேணியின் முன் நின்று கேட்கும் கேள்வி “இது மாவா?” என்பதல்ல, “இது வறுத்ததா, பிட்டுக்கு ஆகுமா?” என்பதே. ஆகவே லேபல்களில் பொருளின் பெயரோடு அதன் நிலையும் பயனும் எழுதப்பட்டன: “அரிசிமா, வறுத்தது, பிட்டு இடியப்பத்துக்கு”, “அரிசிமா, வறுக்காதது, அப்பத்துக்கு”, “மிளகாய்த்தூள், தனி”, “கறித்தூள், கூட்டு”. இக்குடும்பத்துக்கு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல் உண்டு. அரிசி அங்கிருந்தே வருகிறது. புதிதாக அறுத்த நெல்லின் அரிசி குறைந்த நீரிலேயே குழைந்துவிடும், ஓராண்டு கிடந்தது கூடுதல் நீர் கேட்கும். அதனால் நெல் மூடைகளில் பெரும்போகமா சிறுபோகமா என்பதும் ஆண்டும், அரிசிப் பானையில் குற்றிய மாதமும் எழுதப்பட்டன. நெல்லாகவே வைத்துத் தேவைக்கேற்பக் குற்றுவது தாயாரின் பழைய ஏற்பாடு. உமி நீங்கிய அரிசியிலும் பார்க்க நெல் வண்டுக்கு நெடுங்காலம் தாக்குப்பிடிக்கும் என்பதால் அதில் எவரும் கைவைக்கவில்லை.

திகதி பற்றி வீட்டில் சற்றே வாதம் நடந்தது. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழுள்ள ஒழுங்குவிதிகளின்படி, பொதிசெய்து விற்கப்படும் உணவின் உறையில் பெயர், நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி முதலியன அச்சிடப்பட வேண்டும். நாம் பக்கெட்டை வெட்டிப் போத்தலில் கொட்டி உறையை எறியும் கணத்தில் அத்தனை விபரமும் குப்பைக்குள் போகிறது. மருமகன் அதைப் பார்த்து எழுதினால் போதும் என்றார். எழுதும்போது பிழைக்கும், உறையில் திகதி உள்ள துண்டையே வெட்டிப் போத்தலின் பின்புறம் ஒட்டுவோம் என்று மகள் சொன்னார். மகளின் முறையே நிலைத்தது. அதற்குக் கீழே திறந்த நாளை மட்டும் கையால் எழுதினார்கள், ஏனெனில் அச்சிட்ட திகதி திறக்காத பொதிக்கே முழுமையாகப் பொருந்தும். அத்திகதி எவ்வகைப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். பருப்பு, தேயிலை போன்ற உலர்ந்த பொருட்களில் தரம் குறையத் தொடங்கும் காலத்தையே அது பெரும்பாலும் சொல்கிறது. விரைவில் பழுதாகும் உணவுகளில் அது பாதுகாப்பின் எல்லை. நாள் கடந்தது என்பதற்காக நல்ல பருப்பைக் கொட்டுவதும், மணம் நன்றாக இருக்கிறது என்பதற்காகப் பழைய பாலைக் குடிப்பதும் ஒரே வகையான பிழைகள்.

எழுதும் பொருளும் ஒட்டும் இடமும் தனிக் கவனம் பெற்றன. தாளில் குமிழ்முனைப் பேனையால் எழுதிச் செலோடேப்பால் மூடியவை முதல் மழை வாரத்திலேயே ஓரம் கிளம்பி மஞ்சளித்தன. மாஸ்கிங் டேப்பில் அழியாத மார்க்கர் பேனையால் எழுதியவை நின்றன. அந்த டேப்பைப் பிசின் படியாமல் உரித்தெடுக்கலாம், ஏதேனும் படிந்தால் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்தால் போய்விடும். ஆனால் எண்ணெய்க் கை பட்ட பரப்பில் எந்த டேப்பும் பிடிக்காது. சவர்க்காரம் போட்டுக் கழுவி, முற்றாகக் காய்ந்த பேணியில்தான் ஒட்ட வேண்டும். மூடியில் ஒட்டுவது கண்ணுக்கு இலகுவாகத் தோன்றினாலும் ஆபத்தானது. ஒரே அளவான பேணிகளை ஒன்றாகக் கழுவிக் கவிழ்த்தால் மூடிகள் மாறிவிடும், அத்துடன் பெயரும் மாறிவிடும். ஆகவே உடற்பகுதியில், தட்டில் நின்றபடி பார்ப்பவரின் கண்ணுக்கு நேரே ஒட்டப்பட்டது. மேலிருந்து பார்க்கும் இழுப்பறைக்கு மட்டும் மூடியிலும் உடலிலும் இரண்டு லேபல்கள்.

நாள்தோறும் நான்கு முறை கைபடும் தேயிலைப் பேணிக்கும் சீனிப் போத்தலுக்கும் லேபல் வேண்டியதில்லை என்பது என் கருத்து; எருமைத் தயிர்ச் சட்டிக்குப் பெயர் எழுத யாரும் நினைக்கமாட்டார்கள். மாதத்துக்கு ஒருமுறை தேடப்படும் சவ்வரிசி, கொறுக்காய், மாசித்தூள், பிள்ளைப்பேற்றுச் சரக்கு ஆகியவற்றுக்குத்தான் அது உண்மையில் உழைக்கிறது. பிள்ளைகள் உற்சாகத்தில் கத்திக்கும் கரண்டிக்கும் கூடப் பெயர் ஒட்டியிருந்தார்கள். அவை தாமாகவே உதிர்ந்து போயின.

எழுத்து எட்டாத இடங்கள்

தாயாருக்கு எழுத்து தெரியும், ஆனால் கண்புரை காரணமாகச் சிறிய எழுத்துத் தெரிவதில்லை. அவர் திரும்பி வந்தால் புதிய ஒழுங்கு அவரையே அந்நியராக்கிவிடும் என்று மகள் அஞ்சியது நியாயமானது. அதற்காக, ஒரே வடிவிலான போத்தல்களில் இறப்பர் வளையங்கள் மாட்டப்பட்டன: உப்புக்கு ஒன்று, சீனிக்கு இரண்டு, வறுத்த மாவுக்கு மூன்று. அதற்கு மேல் போனால் எண்ணிக்கை நினைவில் நிற்காது. விரலால் தடவியவுடன் தெரிந்துவிடும் இந்த அடையாளம் மின்சாரம் நின்ற இரவுகளில் மற்றவர்களுக்கும் பயன்பட்டது. தாயாரின் பழைய இடவரிசையும் இயன்றவரை அப்படியே காக்கப்பட்டது. மேல் தட்டில் இடப்பக்கம் மூன்றாவது இப்போதும் வறுத்த மாதான்.

நஞ்சான பொருட்களுக்கு லேபல் போதுமான காவலன்று. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குச் சிவப்பு எழுத்தும் கறுப்பு எழுத்தும் ஒன்றுதான். மண்ணெண்ணெய் சோடாப் போத்தலில் இருந்தால் அது குடிக்கும் பொருள் என்றே சிறு பிள்ளை எடுத்துக்கொள்ளும். குடித்த மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போவதே பெரும் ஆபத்து என்பதால் வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இவ்வீட்டில் போறிக் பவுடர், மண்ணெண்ணெய், மலசலகூடம் கழுவும் திரவம், வயலுக்கு வாங்கிய மருந்து யாவும் அவற்றின் சொந்தக் கொள்கலன்களிலேயே, குசினிக்கு வெளியே, பூட்டுள்ள பெட்டிக்கு மாற்றப்பட்டன. உணவு இருந்த போத்தலில் உணவல்லாததை ஊற்றுவதும், உரப்பையையோ பெயின்ற் வாளியையோ கழுவி அரிசி கொட்டுவதும் முற்றாக நிறுத்தப்பட்டன.

குளிர்சாதனப்பெட்டி இன்னமும் முழுமையாக அடங்கவில்லை. ஐஸ்கிரீம் பெட்டியைத் திறந்தால் நெத்தலியும் ரம்பையும் கிடைக்கும் வழக்கம் எல்லா வீடுகளிலும் உண்டு, இங்கும் இருந்தது. உறைந்த பிறகு சூடை மீனும் கீரி மீனும் ஒன்றுபோல வெள்ளைக் கட்டியாகிவிடும். வெளியே எடுத்தால் பையில் நீர் கோத்து டேப் ஒட்டாது, மார்க்கரும் பிடிக்காது. மீனைப் பையில் போடுவதற்கு முன்னரே, பை உலர்ந்திருக்கும்போது, மீனின் பெயரையும் வாங்கிய திகதியையும் எழுதிவிட வேண்டும். காலையில் கல்லடிக் கடற்கரையில் மீன் வாங்கி வரும் மருமகன் அதை ஒழுங்காகச் செய்கிறார். இரவுக் கடமை முடிந்து களைத்து வரும் மகள்தான் எழுதாமல் வைத்துவிடுகிறார் என்று பிள்ளைகள் முறையிடுகிறார்கள். அதற்காக இப்போது ஒரு மார்க்கர் பேனை நூலில் கட்டிக் குளிர்சாதனப்பெட்டியின் கைபிடியிலேயே தொங்கவிடப்பட்டுள்ளது.

தாயார் திருக்கோவிலிலிருந்து திரும்பியதும் முதலில் செய்தது சில லேபல்களை உரித்தெறிந்ததுதான். அவற்றுள் பெரும்பாலானவை நாள்தோறும் கைபடும் பேணிகளுக்கு உரியவை என்பதால் எவரும் மறுத்துப் பேசவில்லை. மா வகைகளின் லேபல்களை அவர் விட்டுவைத்தார். கறித்தூளுக்கு வறுத்த நாளை எழுதுமாறு பேரப்பிள்ளையிடம் அவரே சொன்னார். பெரும்போக நெல் வரும்போது மூடைகளில் எழுதும் பொறுப்பும் அந்தப் பிள்ளைக்கே கொடுக்கப்பட்டிருக்கிறது.